பீலிக்கரையும் பிரதேச சபையும்

இலங்கை மலையகத்தின் பட்டிப்பொல பக்கத்துத் தோட்டங்களில் பீலியில் தண்ணீர் நின்றால் அன்று கங்காணியிடம் சொல்வார்கள். அவர் கணக்கப்பிள்ளையிடம், கணக்கப்பிள்ளை தொரையிடம். சங்கங்கள் வேரூன்றியபின் தோட்டத் தலைவர் பேசினார். பிரதேச சபை என்ற பேச்சே எழாது. நடுவில் ஒரு இளவட்டம் வாயைத் திறந்தால், "பெரியவங்க பேசிக்கிட்டு இருக்கோம்ல" என்று அடக்கிவிடுவார்கள்.

பெரியவர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. 1948 குடியுரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து தோட்டத் தமிழரில் பெரும்பாலானோரின் வாக்குரிமை போயிற்று. நாடற்றோர் பிரச்சினை தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. இடையில் வந்த 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவோ, சபை நிதி தோட்டக் குடியிருப்புகளுக்குப் போகத் தடையாக நின்றது. குடியுரிமை கிடைத்தவர் வாக்குப் போடலாம், உறுப்பினராகவும் வரலாம். சொந்த லயத்துக்குச் சபைக் காசில் ஒரு படிக்கட்டு கட்ட முடியாது!

தெற்கில் வெடித்த இளைஞர் கிளர்ச்சிக்குப் பிறகு, 1990இல் உள்ளூராட்சி வேட்பாளர் பட்டியலில் 40 சதவீதம் 18 முதல் 35 வயதினருக்கு என்று சட்டமானது. 2012இல் அந்தக் கட்டாயம் நீங்கியது. கட்டாயம் இருந்த காலத்திலும் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், ஆசனம் கிடைக்கவேண்டும் என்றில்லை. கட்சிகளுக்கு அது வசதி.

இன்று 33ஆம் பிரிவு திருத்தப்பட்டுவிட்டது, 2018இல். நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பெரிய சபைகள் ஆறாகி, ஓரளவு கிட்டவும் வந்திருக்கின்றன. 2025 மே 6 தேர்தலில் இளைஞர் ஒதுக்கீடும் திரும்பியது, 25 சதவீதமாக. அந்த முறை நாட்டில் பல வேட்புமனுக்கள் விழுந்ததற்கு ஒரு காரணம், இளைஞர்களின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி முறையாக உறுதிப்படுத்தப்படாதது. நீதிமன்றம் போய்த்தான் பல பட்டியல்கள் மீண்டன. பிறப்புப் பதிவுக்காகப் பெற்றோர் அலைந்த கதையைக் கேட்டு வளர்ந்த தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல.

வேட்பாளர் பட்டியல் ஒருபுறமிருக்க, தோட்டத்து இளைஞர் கழகங்கள் சிரமதானத்துக்கும் விளையாட்டு விழாவுக்கும் மட்டும் அழைக்கப்படுவதுதான் எனக்கு உறுத்துகிறது. உறுப்பினரல்லாத ஊரவரையும் சேர்த்துக் குழு அமைக்கப் பிரதேச சபைச் சட்டத்திலேயே இடமுண்டு. வரவுசெலவுத் திட்டம் எழுதும்போது கழகத்துக்கு ஒருவரை அந்தக் குழுவில் உட்காரவைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை கூடினால் நல்லது. கொழும்புக் கடைகளில் வேலைசெய்யும் பையன்களுக்கு வாரநாளில் லீவு கிடைப்பதில்லை.