மெழுகும் சாயமும் வாங்கித் தந்த நிலம்

ஞாயிறு திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், அனகாபுத்தூரைச் சேர்ந்த தாய் ஒருவர் பழைய கணக்கு நோட்டு ஒன்றை நம் கையில் கொடுத்தார். பிரித்துப் பார்த்தோம். கணக்கு ஒரு பக்கம். மற்ற எல்லாப் பக்கங்களிலும் தறி, நாடா, பாவு சுற்றும் கிழவி, அடையாற்றங்கரையில் மேயும் எருமை. எழுதுகோலால் வரைந்த கோடுகள்தாம். ஆயினும் கிழவியின் முழங்கைச் சுருக்கம்கூட அதில் இருந்தது.

"சாமி, இவன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டான். ஓவியக் கல்லூரிக்குத்தான் போவேன் என்கிறான். படம் சோறு போடுமா என்று இவன் அப்பா கேட்கிறார். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பான்" என்றார் அந்தத் தாய்.

அவர் எதிர்பார்த்த வார்த்தை யாது என்பதை நாம் அறிவோம். அது நம் நாவில் ஆயத்தமாகவும் இருந்தது. ஆனால் வெளிவரவில்லை. ஏனெனில், பல ஆண்டுகளுக்கு முன் இதே போன்றதொரு நோட்டுடன் வந்த வேறொரு மகனிடம் அந்த வார்த்தையை நாம் சொல்லியிருந்தோம். "வரைவது பொழுதுபோக்கு, பிழைப்புக்கு வேறு பார்" என்றோம். அவனும் கீழ்ப்படிந்தான். இன்று அவன் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்து நேர்மையாகப் பிழைக்கிறான். ஆனால் அன்றிலிருந்து அவன் ஒரு கோடும் வரையவில்லை. நாம் சொன்னது அறிவுரையா, அவசரமா என்ற ஐயம் நம்மை விட்டபாடில்லை. ஆகவே இம்முறை வார்த்தைக்குப் பதிலாக ஒரு சனிக்கிழமையைக் கேட்டோம். தந்தையையும் மகனையும் அழைத்துக்கொண்டு, பல்லாவரம் – துரைப்பாக்கம் சாலையில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைக் கடந்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ஈஞ்சம்பாக்கத்துக்குப் புறப்பட்டோம். அங்கேதான் சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கிறது.

ஒரு கல்லூரியின் கவலை

வாசகர் பலர் அச்சாலையில் மாமல்லபுரம் செல்லும்போது அக்கிராமத்தின் பெயர்ப் பலகையைக் கண்டிருக்கலாம், உள்ளே சென்றிருக்கமாட்டார்கள். அதன் கதை ஒரு கல்லூரியில் தொடங்குகிறது.

சென்னையில் 1850-ஆம் ஆண்டு அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் தொடங்கிய கலைப்பள்ளியே இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரியின் மூலம். மெரினாவில் நாம் காணும் உழைப்பாளர் சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி, 1929 முதல் 1957 வரை அதன் தலைவராக விளங்கினார். அவருக்குப்பின் அப்பொறுப்பை ஏற்றவர் அவருடைய மாணவராகிய கே. சி. எஸ். பணிக்கர். 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்த இவர், 1944-இலேயே முற்போக்கு ஓவியர் சங்கத்தை அமைத்து, தோழர்களின் படைப்புகளைப் பொதுமக்கள் முன் காட்சிக்கு வைக்க வழிசெய்தவர்.

ஆசிரியர் பதவியில் அவரை வாட்டிய கவலை ஒன்றுண்டு. திறமைமிக்க மாணவர்கள் படிப்பை முடித்து வெளியேறுகிறார்கள். ஓவியம் வாங்குவோர் இல்லை. கிடைத்த வேலையில் சேர்கிறார்கள். சில ஆண்டுகளில் தூரிகை உலர்ந்துபோகிறது. நம் நெசவாளத் தந்தை எழுப்பிய அதே கேள்விதான். அதைக் கல்லூரித் தலைவரும் கேட்டார். ஆனால் 'ஆகவே வரையாதே' என்ற முடிவுக்கு அவர் வரவில்லை. வரையும் கையே சோற்றுக்கும் வழிதேடினால் என்ன என்று எண்ணினார்.

1963-ஆம் ஆண்டு கலைஞர் கைவினைச் சங்கம் ஒன்று உருவாயிற்று. ஓவியர்களும் சிற்பிகளும் கைவினைப் பொருள்கள் செய்யத் தொடங்கினர். அவற்றுள் முதன்மையானது பாத்திக் துணி. உருக்கிய மெழுகால் துணியில் கோலமிட்டுச் சாயத்தில் தோய்த்தால், மெழுகு பட்ட இடம் நிறம் ஏற்காது. மெழுகை நீக்கி, மீண்டும் மெழுகிட்டு, வேறு சாயத்தில் தோய்க்கத் தோய்க்க உருவங்கள் ஒவ்வொன்றாய் எழும். அத்துணிகள் விலைபோயின. வந்த வருவாயைச் சேர்த்து, அக்காலத்தில் மணலும் சவுக்கும் மண்டிக் கிடந்த ஈஞ்சம்பாக்கத்தில் ஏறத்தாழ 10 ஏக்கர் நிலத்தைத் தங்கள் உழைப்பின் பணத்தால் வாங்கினர். 1966-இல் கிராமம் பிறந்தது. சோழர் ஆண்ட கரை ஆதலின் சோழமண்டலம் என்று பெயரிட்டனர். வீடும் பட்டறையும் அவரவருக்கு, கண்காட்சிக்கூடம் அனைவருக்கும்.

இதைக் கூறியபோது அதுவரை சன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்த நெசவாளர் நம் பக்கம் திரும்பினார். "சாயத் தொட்டியில் கை வைத்தவர்களா?" என்று கேட்டார். "ஆம்" என்றோம். அதன்பின் வழி நெடுகிலும் அவர் ஒன்றும் பேசவில்லை.

கூடத்தில் கண்டவை

2009-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கலை மையத்தில், சென்னைக் கலை இயக்கம் என்று வரலாற்றாசிரியர் குறிப்பிடும் தலைமுறையினரின் படைப்புகள் நிலையாக வைக்கப்பட்டுள்ளன. அவற்றோடு, மாறிமாறி நடைபெறும் கண்காட்சிகளுக்கென்று தனிக்கூடங்களும் உண்டு.

இத்தகைய கூடத்திற்கு ஓராண்டு என்பது உழவனின் ஆண்டைப் போன்றது. ஒரு கண்காட்சி முடிந்ததும் ஆணிகள் பிடுங்கப்படுகின்றன. சுவரின் துளைகள் அடைக்கப்பட்டு மீண்டும் வெள்ளை பூசப்படுகிறது. அடுத்தவரின் படங்கள் கண்மட்டத்தில் அளவு பார்த்து மாட்டப்படுகின்றன. விற்ற படத்தின் அருகே சிறு சிவப்புப் பொட்டு ஒட்டுவர். பொட்டு விழாமலே சுவரை விட்டு இறங்கும் படங்களே மிகுதி. ஆயினும் அடுத்த கண்காட்சி வருகிறது. இன்று பெயர்பெற்றவர் நின்ற சுவரில் நாளை முதன்முறை வருபவர் நிற்கிறார். சுவர் ஒருவருக்கே சொந்தமானால் அது வீடு. முறைவைத்து அனைவரையும் ஏற்றால்தான் அது கூடம்.

பணிக்கர் 1963 முதல் தீட்டிய 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் வரிசை ஓவியங்களில் எழுத்துப் போன்ற கீறல்களும், கணிதக் குறிகளும், சாதகக் கட்டங்களும் துணிமேல் நெய்தாற்போல் பரவிக் கிடக்கும். அதைப் பற்றிச் சொன்னபோது மகன் முகம் மலர்ந்தது, தந்தைக்கு விளங்கவில்லை, நமக்கும் முழுதும் விளங்கியதாகச் சொல்லமாட்டோம். ஆனால் உலோகச் சிற்பங்களுக்கு முன் தந்தை நின்றுவிட்டார். பி. வி. ஜானகிராம் (1930–1995) உலோகத் தகட்டைத் தட்டித் தட்டி உருவெடுக்கச் செய்தவர். பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் (1946–2017) செம்பையும் பித்தளையையும் பற்றவைத்து இறைவடிவங்களை நினைவூட்டும் சிற்பங்கள் சமைத்தவர். "இது கைவேலை. ஒரு நாளில் வருகிற கை இல்லை" என்றார் நெசவாளர். அத்துறையில் அவர் சொல்லுக்கு நாம் தலைவணங்கத்தான் வேண்டும்.

நம் வாசகர் அறியவேண்டிய மற்றொன்றும் உண்டு. இத்தலைமுறைக் கலைஞர் பலர் கிறிஸ்தவர் அல்லர். எனினும் கிறிஸ்துவின் முகம் அவர்களை ஈர்த்தது. மலைப்பொழிவின் வாக்கு ஒன்றைத் தலைப்பாக்கிப் பணிக்கர் 1950-களின் தொடக்கத்தில் ஓர் ஓவியம் தீட்டினார். சிற்பி எஸ். தனபால் (1919–2000) கிறிஸ்துவை வடித்தார். நாமோ நம் ஆலயங்களுக்கு அச்சில் வார்த்த சுரூபங்களே போதும் என்றிருந்துவிட்டோம். விடுதலைப் பயண நூலில், சந்திப்புக் கூடாரத்தை அமைக்க இறைவன் பெயர் சொல்லி அழைத்தது பெட்சலேல் என்னும் கைவினைஞரை அன்றோ! அவருக்குத் துணையாக நின்ற ஒகொலியாபு நூலிலும் துணியிலும் கைதேர்ந்தவர். ஓவியனும் நெசவாளனும் ஒரே கூடாரத்தில் பணி செய்தவர்கள்.

நம் ஊரின் பாடம்

அனகாபுத்தூரின் கதையும் இதற்குத் தொலைவானதன்று. இங்கு நெய்த மதராஸ் கைக்குட்டைத் துணி கடல் கடந்து நைஜீரியாவரை சென்று, அந்நாட்டு மக்களின் விழா உடையாய் விளங்கியது. அச்சந்தை வீழ்ந்தபோது தறிகள் பல மௌனமாயின. எஞ்சிய நெசவாளர் சிலர் கூடி, வாழைநார் முதலிய இயற்கை இழைகளைக் கொண்டு நெய்து, புதிய பெயரைத் தேடிக்கொண்டனர். தனித்தனியே நின்றிருந்தால் அதுவும் நடந்திராது. ஈஞ்சம்பாக்கமும் அனகாபுத்தூரும் கற்பிப்பது ஒன்றே: கைத்தொழிலைக் கொல்வது வறுமை மட்டுமன்று, தனிமையும்தான்.

இதனால் கலைஞர் வாழ்வு எளிது என்று நாம் சொல்ல வரவில்லை. சோழமண்டலத்தில் குடியேறிய அனைவரும் நிலைத்துவிடவில்லை. பிற நாடு சென்றவர் உண்டு. ஆனால் 1977-இல் பணிக்கர் மறைந்தபின்னும் அவர் தொடங்கியது நின்றுவிடவில்லை என்பதே போதிய சான்று. கூடமும் சுவரும் இல்லாத இடத்திலும் வழி உண்டு. துரைப்பாக்கம் கண்ணகி நகரில், நகரின் பல பகுதிகளிலிருந்து இடம்பெயர்க்கப்பட்ட ஏழைகள் வாழும் குடியிருப்புகளின் வெளிச்சுவர்களில் 2020-ஆம் ஆண்டு கலைஞர்கள் மாபெரும் ஓவியங்களைத் தீட்டினர். ஏளனமாகப் பேசப்பட்ட ஒரு பகுதியைக் காண மக்கள் வந்தனர்.

திரும்பும் வழியில் தந்தை ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்தக் கல்லூரியில் துணி வடிவமைப்பும் சொல்லித் தருகிறார்களாமே, உண்மையா சாமி?" உண்மையே என்றோம். "அப்படியானால் விண்ணப்பம் போடட்டும், சேர்ந்தபின் எதைப் படிப்பது என்பதை அவனும் நானும் பேசிக்கொள்கிறோம்" என்றார். மகனின் விருப்பம் ஓவியப் பிரிவே. அப்பேச்சு இன்னும் முடியவில்லை. முடிவு எதுவாயினும், 'படம் சோறு போடுமா' என்ற கேள்வி அவ்வீட்டில் கதவை அடைக்கும் கேள்வியாக இனி இராது என நம்புகிறோம்.

நம் பங்கு மன்றத்தில் நான்கு சுவர்கள் வெறுமையாய் உள்ளன. வரும் ஆண்டில் மூன்று மாதத்திற்கு ஒன்றாக நான்கு கண்காட்சிகள் வைப்பதென்று தீர்மானித்திருக்கிறோம்: முதலில் நெசவாளர் குடும்பங்களின் துணிகள், அடுத்துச் சிறுவர் ஓவியங்கள், பின்னர் தாய்மாரின் கோலமும் தையலும், இறுதியில் கிறிஸ்து பிறப்பை முன்னிட்டு நம் மக்களின் கையால் செய்த குடில்கள். மற்றப் பங்குகளும் முயன்று பார்க்கலாம். செலவு ஆணியும் கயிறும்தான்.

அறிவிப்புப் பலகை எழுத ஆள் வேண்டியிருந்தது. கைப்பேசிக் கடைக்குச் சென்றோம். முன்பு சொன்னதற்காக வருந்துகிறோம் என்று அவனிடமே சொன்னோம். "அதையெல்லாம் நீங்கள் இன்னுமா நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், ஃபாதர்?" என்று சிரித்தான். பிறகு சற்று நேரம் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பலகையின் அளவு என்ன என்று கேட்டான்.