செல்போனும் சாவியும்: இயங்குதளத்தை மாற்றுவது குறித்துச் சில குறிப்புகள்

1

முழுப்பணத்தையும் எண்ணிக் கொடுத்து ஒரு செல்போன் வாங்குகிறோம். பில் நம் பெயரில் இருக்கிறது. சட்டத்தின் பார்வையில் அது நம் உடைமை. ஆனால் அதற்குள் எந்த மென்பொருள் ஓடலாம், எதை நீக்கலாம், எதை நீக்கக் கூடாது, பாதுகாப்புத் திருத்தங்கள் எத்தனை ஆண்டு வரும் என்பவையெல்லாம் வேறெங்கோ தீர்மானிக்கப்படுகின்றன. பொருள் நம் சட்டைப் பையில்; அதன்மீதான அதிகாரம் மட்டும் நம்மிடம் இல்லை.

நம் வட்டாரங்களில் தொழில்நுட்பம் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு குரல்கள்தாம் கேட்கும். ஒன்று, 'எல்லாம் கண்காணிப்புக் கருவி, தொடவே கூடாது' என்பது. (இதைச் சொல்கிறவர் பையிலும் ஒரு ஆண்ட்ராய்டு இருக்கும்.) இன்னொன்று, 'அது வெறும் கருவிதானே, பயன்படுத்துகிறவரைப் பொறுத்தது' என்பது. இரண்டு பேருமே கருவியைத் திறந்து பார்ப்பதில்லை.

போனோடு வந்த இயங்குதளத்தைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் போடுவதைக் 'கஸ்டம் ராம்' போடுவது என்பார்கள். கம்ப்யூட்டர் படித்த பையன்களின் பொழுதுபோக்கு என்று இதை ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் அதன் ஒவ்வொரு படியிலும் உடைமைக்கும் அதிகாரத்துக்குமான உறவு பச்சையாகத் தெரிகிறது. போடப்போகிறவர்களுக்கு மட்டுமல்ல, போடப்போகாதவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

2. திறந்த பிரதி, மூடிய சந்தை

ஆண்ட்ராய்டை 2007 நவம்பரில் கூகிள் அறிவித்தது. முதல் போன் 2008இல் விற்பனைக்கு வந்தது. அதன் அடியில் இருப்பது லினக்ஸ் கருநிரல். அதற்கு மேலுள்ள அடுக்குகளின் மூலநிரலையும் கூகிள் வெளியிடுகிறது. யாரும் எடுக்கலாம், வாசிக்கலாம், திருத்தலாம். அந்த அளவில் அது திறந்த பிரதி.

ஆனால் கடையில் வாங்கும் போனில் இருப்பது அந்தப் பிரதி மட்டுமல்ல. பிளே ஸ்டோர், மேப்ஸ், பின்னணியில் ஓயாமல் ஓடும் பிளே சர்வீசஸ் - இவை மூடியவை. இவை இல்லாத போனைச் சந்தையில் விற்பது கஷ்டம். இவை வேண்டுமென்றால் கூகிளோடு ஒப்பந்தம் போட வேண்டும். அந்த ஒப்பந்தங்களில் என்ன இருந்தது? கூகிள் அங்கீகரிக்காத ஆண்ட்ராய்டு வடிவத்தில் ஒரே ஒரு போனைக்கூட விற்கக் கூடாது என்கிற நிபந்தனை. ஐரோப்பிய ஆணையம் 2018 ஜூலையில் 434 கோடி யூரோ அபராதம் விதித்தபோது சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் 1337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2023 மார்ச்சில் ஆணையத்தின் சில உத்தரவுகளை நீக்கினாலும் அபராதத்தை உறுதி செய்தது. பிரதியைத் திறந்துவைத்துவிட்டு, அதை மாற்றி எழுதுகிறவருக்குச் சந்தையை அடைப்பது ஒரு நுட்பமான மேலாண்மை. தடை செய்ய வேண்டியதில்லை. இடமில்லாமல் செய்தால் போதும்.

இந்த இடமின்மைக்குள்தான் மாற்று இயங்குதளங்கள் வளர்ந்தன. ஸ்டீவ் கோண்டிக் தொடங்கிய சயனோஜென்மாட் அவற்றில் முக்கியமானது. 2009 செப்டம்பரில் கூகிளிடமிருந்து அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கூகிளின் மூடிய செயலிகளைச் சேர்த்து விநியோகிக்கக் கூடாது என்றது அது. அவற்றை விலக்கிவிட்டு அவர் தொடர்ந்தார். மாற்று இயங்குதளத்தை ஒரு பொட்டலமாகவும் கூகிள் செயலிகளை வேறொரு பொட்டலமாகவும் தனித்தனியே போடும் வழக்கம் அங்கிருந்துதான் வருகிறது.

பிறகு மூலதனம் வந்தது. 2013இல் சயனோஜென் ஒரு கம்பெனியாயிற்று. இந்தியாவுக்கான தனியுரிமை மைக்ரோமேக்ஸுக்குக் கொடுக்கப்பட்டது. அதே இயங்குதளத்தோடு இங்கே விற்றுக்கொண்டிருந்த ஒன்பிளஸ் மீது 2014 டிசம்பரில் தில்லி உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்கும் அளவுக்கு வழக்கு போயிற்று. (தடை சீக்கிரமே விலக்கப்பட்டது.) கூட்டு உழைப்பில் விளைந்த ஒன்றுக்கு 'இந்தியாவில் யாருக்குத் தனியுரிமை' என்று இரண்டு கம்பெனிகள் மோதிக்கொண்டன! 2016 இறுதியில் சயனோஜென் கடையை மூடியது. மூலநிரல் திறந்திருந்ததால் தன்னார்வலர்கள் அதையே எடுத்து லினியேஜ்ஓஎஸ் என்ற பெயரில் தொடர்ந்தார்கள். கம்பெனியோடு சேர்ந்து பிரதி சாகவில்லை.

3. படிகள்

சரி, போடுவது எப்படி? மாடலுக்கு மாடல் விவரம் மாறும். பொதுவான வரிசை இதுதான்.

முதலில் உங்கள் மாடல் அந்த இயங்குதளத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'இதே கம்பெனி போன்தானே' என்று வேறு மாடலின் கோப்பைப் போட்டால் போன் செங்கல்லாகிவிடும். (உயிரில்லாத போனைச் 'செங்கல்' என்பதுதான் இந்த உலகத்தின் வழக்கு.) கோப்பை அந்த இயங்குதளக்காரர்களின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். அடுத்தது, போனிலுள்ள எல்லாவற்றையும் வேறிடத்தில் நகலெடுத்துக்கொள்வது.

பிறகு போனின் அமைப்புகளுக்குள் போய், 'பில்ட் நம்பர்' என்ற வரியை ஏழு முறை தட்ட வேண்டும். 'நீங்கள் இப்போது டெவலப்பர்' என்று போன் அறிவிக்கும். கருத்தியல் மனிதர்களைத் தன்னிலைகளாக விளிக்கிறது என்றார் அல்துஸ்ஸர். அதுவரை 'பயனர்' என்று விளிக்கப்பட்டவர் ஏழு தட்டில் வேறொருவராகிறார். ஆனால் இந்த ஞானஸ்நானத்தில் கிடைப்பது கூடுதலாக ஒரு பட்டியல், அவ்வளவுதான். அந்தப் பட்டியலில் 'ஓஇஎம் அன்லாக்கிங்' என்றொரு பொத்தான் இருந்து, அது நகர்ந்தால் மேலே போகலாம். இல்லையென்றால் அநேகமாகக் கதை அங்கேயே முடிந்தது. பூட்டைத் திறக்கும் எண்களைக் கொடுத்துவந்த ஹுவாவே 2018இல் அதை நிறுத்திக்கொண்டது. ஷியோமி, தன் கணக்கில் போனைப் பதிவு செய்துவிட்டு நாட்கணக்கில் காத்திருக்கச் சொன்னது. சொந்தப் பொருளுக்கு மனுப் போட்டுக் காத்திருப்பது!

பொத்தான் நகர்ந்தால், போனை அணைத்துப் பூட்லோடர் நிலைக்குக் கொண்டுபோய், யுஎஸ்பி கேபிளால் கம்ப்யூட்டரோடு இணைத்து, ஃபாஸ்ட்பூட் என்னும் சிறு நிரல் வழியாகத் திறப்பதற்கான கட்டளையைக் கொடுக்க வேண்டும். போன் ஒருமுறை எச்சரித்துக் கேட்கும். சம்மதித்தால் உள்ளேயிருக்கும் தரவு முழுதும் அழியும். இது கம்பெனியின் வன்மமல்ல. அழியாவிட்டால், உங்கள் போனைப் பிடுங்கியவர் பூட்டைத் திறந்து வேறு இயங்குதளத்தைப் போட்டு உங்கள் தரவுக்கு வழிதேட முடியும்.

அதற்குப் பிறகு 'ரிகவரி' என்ற சிறு இயங்குதளத்தை ஏற்றி, அதன் வழியாகப் பழையதைத் துடைத்து, புதியதை ஏற்ற வேண்டும். கூகிள் செயலிகள் வேண்டுமென்றால் முதல் தடவை இயக்குவதற்கு முன்பே சேர்க்க வேண்டும். வேண்டாமென்றால் அப்படியே இயக்கலாம். கூகிள் கணக்கு கேட்காத ஒரு ஆண்ட்ராய்டு திரையை அநேகம் பேர் அப்போதுதான் முதன்முறையாகப் பார்ப்பார்கள்.

4. நிறங்கள்

இங்கே நிதானிக்க வேண்டும். 'பூட்டை உடைத்தோம், விடுதலை' என்று இந்தக் கதையை முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அது ஆபத்தான முடிவு.

பூட்லோடர் என்பது போனை இயக்கியதும் முதலில் விழித்துக்கொள்ளும் சிறு நிரல்களில் ஒன்று. சிப்புக்குள் பதிக்கப்பட்ட சாவியைக் கொண்டு பூட்லோடரும், பூட்லோடரைக் கொண்டு கருநிரலும், அதைக் கொண்டு மற்றவையும் என்று வரிசையாகக் கையொப்பம் சரிபார்க்கப்படுகிறது. ஒரு கண்ணி தவறினாலும் போன் எச்சரிக்கும், அல்லது நின்றுவிடும். இதன் நிலையை ஆண்ட்ராய்டு நிறங்களால் சொல்கிறது. கம்பெனிச் சாவியால் பூட்டியிருந்தால் பச்சை. அப்போது திரையில் எச்சரிக்கை எதுவும் வராது. பூட்டு திறந்திருந்தால் ஆரஞ்சு. உங்கள் சொந்தச் சாவியால் மறுபடி பூட்டியிருந்தால் மஞ்சள். இயக்கத் தகுந்த எதுவும் கிடைக்காவிட்டால் சிவப்பு.

ஆரஞ்சு நிலை என்றால் என்ன? கம்பெனியின் அதிகாரம் போயிருக்கிறது. நம் அதிகாரம் வந்துசேரவில்லை. போன் கையில் கிடைத்த யாரும் இயங்குதளத்தில் கை வைக்கலாம். தரவு உங்கள் பின் எண்ணோடு சேர்ந்த குறியாக்கத்தில் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் காவல் நிலையத்தில் இரண்டு மணி நேரம் வைத்திருந்து திருப்பிக் கொடுக்கப்பட்ட போனில், அந்தப் பின் எண்ணைத் திருடும்படி மாற்றப்பட்ட இயங்குதளம் இருந்தால்? அதைக் கண்டுபிடித்துச் சொல்ல அங்கே ஆளில்லை. இயக்க வேலைகளில் இருக்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது. லினியேஜ்ஓஎஸ் போடப்பட்ட பெரும்பாலான போன்கள் இந்த ஆரஞ்சில்தான் ஓடுகின்றன. மறுபடி பூட்ட முயன்றால் பல மாடல்கள் செங்கல்லாகிவிடும்.

மஞ்சள் வேறு. அங்கே பூட்டு இருக்கிறது. சாவி மட்டும் கை மாறியிருக்கிறது. கூகிளின் பிக்ஸெல் போன்கள் இதை அனுமதிக்கின்றன. பாதுகாப்பை முதன்மையாகக் கொண்ட கிராஃபீன்ஓஎஸ் வளர்ந்தது அந்தப் போன்களில்தான். கூகிளிடமிருந்து விலக கூகிளின் போனையே, அதுவும் நல்ல விலை கொடுத்து, வாங்க வேண்டியிருக்கிறது என்பது இதிலுள்ள முரண். (அப்போதும் சாவியை வைத்திருப்பது கிராஃபீன்ஓஎஸ்காரர்கள்தானே என்று கேட்கலாம். சரியான கேள்வி. மூலநிரலை நீங்களே தொகுத்து உங்கள் சாவியால் கையொப்பமிடவும் வழியிருக்கிறது. எத்தனை பேரால் முடியும் என்பது வேறு விஷயம்.)

இந்தச் சாவிப் பிரச்சினை சுதந்திர மென்பொருள் இயக்கத்துக்குள் பழைய விவாதம். டிவோ என்ற தொலைக்காட்சிப் பதிவுக் கருவி லினக்ஸில் ஓடியது. லினக்ஸின் ஜிபிஎல் உரிமம் கேட்டபடி மூலநிரலையும் கொடுத்தது. ஆனால் அதை நீங்கள் திருத்திப் போட்டால் கருவி ஓடாது. வாசிக்கலாம், எழுதலாம், எழுதியதை இயக்க முடியாது. ரிச்சர்ட் ஸ்டால்மன் இந்தத் தந்திரத்துக்கு டிவோவின் பெயரையே வைத்தார். 2007இல் வந்த ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு, நுகர்வுக் கருவிகளை விற்பவர்கள் மாற்றிய நிரலை நிறுவுவதற்கான வழியையும் கொடுத்தாக வேண்டும் என்றது. லினஸ் டோர்வால்ட்ஸ் இதை ஏற்கவில்லை. லினக்ஸ் கருநிரல் இரண்டாம் பதிப்பிலேயே நின்றது. அதே 2007இல்தான் அந்தக் கருநிரலின் மேல் ஆண்ட்ராய்டு அறிவிக்கப்பட்டது. நம் பையிலிருக்கும் பூட்டுக்கு அங்கே ஒரு வேர் இருக்கிறது.

5. மாறுவதும் மாறாததும்

மாறுவது என்ன? கம்பெனி கைவிட்ட போனுக்கு ஆண்ட்ராய்டின் பாதுகாப்புத் திருத்தங்கள் மறுபடி வருகின்றன. குப்பைக்குப் போக வேண்டியது இன்னும் சில ஆண்டுகள் உழைக்கிறது. நீக்க முடியாமல் ஒட்டிக்கொண்டிருந்த செயலிகள் போகின்றன. எந்தச் செயலி இணையத்தைத் தொடலாம் என்பதை நாம் சொல்ல முடிகிறது.

மாறாதது? அலைக்கற்றையோடு பேசும் மோடமுக்குள் ஓடுவது இப்போதும் சிப் கம்பெனியின் மூடிய மென்பொருள்தான். நீங்கள் எந்தக் கோபுரத்தின் கீழ் இருக்கிறீர்கள், யாரோடு எத்தனை நிமிடம் பேசினீர்கள் என்பது தொலைபேசி நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கும். எந்த இயங்குதளத்தாலும் அதை அழிக்க முடியாது. வாட்ஸப்பில் இருந்தால் மெட்டாவோடுதான் இருக்கிறீர்கள். 2021 ஜூலையில் வெளிவந்த பெகாசஸ் விவகாரம் காட்டியதுபோல, அரசுகள் காசு கொடுத்து வாங்கும் உளவு மென்பொருள் செயலிகளின் ஓட்டைகள் வழியாகவும் நுழையும். மாற்று இயங்குதளம் அந்த வேலையைக் கடினமாக்கலாம். தாயத்து மாதிரி கட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மாற்று இயங்குதளம் போட்டபின் சில வங்கிச் செயலிகள் ஓட மறுக்கின்றன. பிளே இன்டெக்ரிட்டி என்ற சோதனையைக் கூகிள் செயலிகளுக்கு வழங்குகிறது. 'இது கூகிள் சான்றளித்த போனா?' என்பதே அதன் அடிப்படைக் கேள்வி. பல ஆண்டுகளாகத் திருத்தமே வராத பழைய போன் அதன் நடுத்தரச் சோதனையில் தேறிவிட முடியும். போன வாரம் திருத்தம் போட்டு மஞ்சளில் பூட்டிய போன் தோற்கும். 'பாதுகாப்பு' என்ற சொல்லாடலுக்குள் 'சான்றிதழ்' எப்படி வந்து உட்கார்ந்துகொள்கிறது, பாருங்கள். சான்றிதழ் யார் கையிலோ, 'நம்பத்தகுந்தவர்' யார் என்று சொல்லும் அதிகாரமும் அவர் கையில்.

இதில் அடிபடுவது யார்? ஒரே ஒரு போன் வைத்திருப்பவர். கூலி வருவதும், கடைக்குப் பணம் அனுப்புவதும், ஓடிபி வருவதும் அந்த ஒன்றில்தான். இரண்டு போன் வைத்துக்கொள்ள முடிந்தவருக்கு மாற்று இயங்குதளம் ஒரு தேர்வு. முடியாதவருக்கு அது சூதாட்டம். ஆகவே ஒரே போன் உள்ள தோழர்கள் முதல் சோதனையை அதில் செய்ய வேண்டாம்.

6

வெளி சுருங்கிக்கொண்டே வருகிறது. 2025 மார்ச்சில், ஆண்ட்ராய்டை உருவாக்கும் வேலையை முழுக்கத் தன் உள்கிளைக்குள் நடத்தப்போவதாகக் கூகிள் சொன்னது. மூலநிரல் வரும், எழுதப்படும்போது பார்க்க முடியாது, எழுதி முடித்தபின் பார்க்கலாம். அதே ஆண்டு ஆகஸ்டில், சான்றளிக்கப்பட்ட போன்களில் போடும் செயலிகளை எழுதுகிறவர்கள், பிளே ஸ்டோருக்கு வெளியே கொடுத்தாலும், தம் அடையாளத்தைக் கூகிளிடம் பதிவு செய்ய வேண்டும் என்ற திட்டத்தை அறிவித்தது.

இதைத் தனிமனித சாமர்த்தியத்தால் எதிர்கொள்ள முடியாது. சாவியைப் பற்றிய கோரிக்கைகளாகத்தான் எதிர்கொள்ள முடியும். விற்கும் ஒவ்வொரு போனையும் வாங்கியவர் திறக்கவும், தன் சாவியால் மறுபடி பூட்டவும் வழி இருக்க வேண்டும். திருத்தம் கொடுப்பதைக் கம்பெனி நிறுத்தும் நாளில் திறக்கும் வழியைக் கொடுத்தாக வேண்டும். அரசின் செயலிகளும் வங்கிச் செயலிகளும் ஒரு தனியார் கம்பெனியின் சான்றிதழை நுழைவுச்சீட்டாகக் கேட்கக் கூடாது. நுகர்வோர் உரிமை, தகவல் உரிமை என்று பேசுகிற நம் மேடைகளில் இவை இன்னும் அரிதாகவே கேட்கின்றன.

அதுவரை, அலமாரியில் தூங்கும் பழைய போனை எடுத்து, அதன் மாடல் எண் லினியேஜ்ஓஎஸ் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், தெரிந்த ஒருவரும் தெரியாத நான்கு பேருமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காருங்கள். அதில் ஓடப்போவது ஆரஞ்சு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, அந்தரங்கமான எதையும் அதில் வைக்காமல், கற்றுக்கொள்வதற்கு மட்டும் போடுங்கள். வழியில் தடுக்கிற ஒவ்வொரு இடத்தையும் குறித்துவையுங்கள். கோரிக்கையை எழுதும்போது அந்தக் குறிப்புகள் வேண்டியிருக்கும்.