பூங்கொத்துக் கடைக்கு மலர் வழங்கும் முறை

செடியிலிருந்து வெட்டப்பட்ட பின்னரும் மலர் உயிருடனேயே இருக்கின்றது. அது சுவாசிக்கின்றது, காம்பின் வழியே நீரை உறிஞ்சுகின்றது, தன்னுள் சேமித்து வைத்த வெல்லத்தைச் சிறிது சிறிதாகச் செலவழிக்கின்றது. அச்சேமிப்புத் தீர்ந்ததும், அல்லது நீர் ஏறும் வழி அடைபட்டதும், அது வாடிவிடுகின்றது. நெல்லைக் காயவைத்துப் பட்டடையில் இடலாம். பூசணிக்காயை மாதக் கணக்கில் பரணில் வைத்திருக்கலாம். மலருக்கு அவ்வாறான வசதி எதுவும் இல்லை. எனவே, மலரை விற்க விரும்பும் கமக்காரர் உண்மையில் விற்பது அம்மலரின் எஞ்சிய ஆயுட்காலத்தையே ஆகும். அந்த ஆயுளைக் கூட்டுவதும் குறைப்பதும் பெரும்பாலும் அவருடைய கையிலேயே தங்கியுள்ளன.

கட்டளை பயணஞ் செய்யும் விதம்

தூரத்திலிருக்கும் உறவினருக்கோ நண்பருக்கோ பூங்கொத்து அனுப்பும் வழக்கம் இந்நாட்டு நகரங்களிலும் இப்பொழுது காணப்படுகின்றது. பிறந்தநாள், திருமணம், பட்டமளிப்பு, நோயாளரைப் பார்த்தல், மரணவீடு ஆகிய சந்தர்ப்பங்களில் இவை அனுப்பப்படுகின்றன. ஆனால், அனுப்புவோரின் ஊரிலிருந்து மலர்கள் அவ்வளவு தூரம் பயணஞ் செய்வதில்லை என்பதைக் கமக்காரர் அறிந்து கொள்ளுதல் வேண்டும்.

முற்காலத்தில் ஐரோப்பாவில் பூங்கொத்துகள் புகையிரதத்தில் அனுப்பப்பட்டபோது அவை வழியிலேயே வாடிப்போயின. இதற்குப் பரிகாரமாக ஜேர்மனியில் பேர்லின் நகரத்துப் பூ வணிகரான மக்ஸ் ஹூப்னர் என்பவர் 1908ஆம் ஆண்டில் ஓர் ஒழுங்கை ஏற்படுத்தினார். அவ்வொழுங்கின்படி, பணம் பெற்ற வணிகர் மலரை அனுப்பாது, பெறுபவரின் ஊரிலுள்ள வேறொரு வணிகருக்குக் கட்டளையை மாத்திரம் அனுப்புவார். அவ்வூர் வணிகர் தம்மிடமுள்ள புதிய மலர்களைக் கொண்டு கொத்தைக் கட்டிக் கொடுப்பார். 1910ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் பூ வணிகர்களும் தந்தி மூலம் கட்டளைகளைப் பரிமாறிக் கொள்வதற்கென ஒரு சங்கத்தை அமைத்தனர். தந்தியின் இடத்தைப் பின்னர் தொலைபேசியும் இணையமும் பெற்றுவிட்ட போதிலும், முறை மாறவில்லை. கட்டளை தூரத்திலிருந்து வருகின்றது. மலர் அருகிலிருந்து வருகின்றது.

சிறு கமக்காரருக்கு இதில் ஒரு வாய்ப்பு உண்டு. கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ ஒருவர் கண்டியில் வசிக்கும் தாயாருக்குப் பூங்கொத்து அனுப்பக் கட்டளையிட்டால், அக்கொத்துக்குரிய மலர் சில மணி நேரத்துக்குள் கண்டிக் கடைக்குக் கிடைத்தல் வேண்டும். அதே வேளையில் இதில் ஒரு பொறுப்பும் உண்டு. பணம் கொடுத்தவர் அக்கொத்தைக் கண்ணாற் காண்பதில்லை. அவர் கடைக்காரரை நம்புகின்றார். கடைக்காரரோ மலரை வளர்த்தவரை நம்புகின்றார். நோயாளரின் கட்டிலருகே வைத்த மலர் மறுநாளே தலைசாய்ந்தால், அனுப்பியவருக்கு அது மனவருத்தம், கடைக்காரருக்கு அவமானம், மலர் வழங்கிய கமக்காரருக்கு அடுத்த கட்டளை கிடையாது.

மாலைப் பூவும் கொத்துப் பூவும்

கோயிலுக்கும் மாலைக்கும் பூ வளர்ப்பது எமது கமக்காரருக்குப் புதிதன்று. மல்லிகை, முல்லை முதலியன காம்பின்றிக் கொய்யப்பட்டு நிறையாலோ அளவாலோ விற்கப்படுகின்றன. கொத்துக்குரிய மலரோ ஒவ்வொரு காம்பாக எண்ணி விற்கப்படுவது. அதன் பெறுமதியைக் காம்பின் நீளம், நேர்மை, உறுதி, இலையின் தூய்மை ஆகியனவும் தீர்மானிக்கின்றன. பூ எவ்வளவு பெரிதாயினும் காம்பு வளைந்திருப்பின் அது தரங்குறைந்ததாகவே கொள்ளப்படும். மரக்கறிப் பயிருக்கு இடுவது போல் தழைச்சத்துப் பசளையை மிகையாக இட்டால், காம்பு மென்மையாகிப் பாரந் தாங்காது சாயும். ஆகவே, பசளையை மட்டாக இட்டு, காற்றோட்டமும் வெளிச்சமும் கிடைக்கும் இடைவெளியில் நட்டு, உயரமாக வளரும் பயிர்களுக்குக் கயிற்று வலை கட்டித் தாங்கல் கொடுத்தல் நன்று.

இடத்திற்கேற்ற மலர்கள்

நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை போன்ற குளிரான மரக்கறிப் பிரதேசங்களில் கார்ணேஷன், ரோசா, செவ்வந்தி, ஜேர்பெரா, கிளடியோலஸ் என்பன நன்கு வளரும். தாழ்நாட்டு ஈரவலயத்தில் தென்னை நிழலிலோ நிழல்வலையின் கீழோ அந்தூரியமும் ஓர்க்கிட்டும் ஏற்றன. உலர் வலயத்தில் கிணற்று நீர் வசதியுள்ள தோட்டங்களில் நிலச்சம்பங்கி, ரோசா, செவ்வந்தி ஆகியவற்றைச் சிறு அளவிற் செய்து பார்க்கலாம்.

நெற்காணியையோ மரக்கறித் தோட்டத்தையோ முற்றாக மலருக்கு மாற்றுதல் புத்தியன்று. வீட்டுக்கு அண்மையில், நாள்தோறும் கண்பார்வை படக்கூடிய ஓரிரண்டு பாத்திகளில் தொடங்குவதே பாதுகாப்பானது. நெல்லுக்கும் மரக்கறிக்கும் துணைப் பயிராக மலர் அமைதல் வேண்டும். அவற்றுக்குப் போட்டியாக அமைதல் கூடாது.

வெட்டும் பருவம்

மலரை எந்தப் பருவத்தில் வெட்டுவது என்பது ஒவ்வோர் இனத்துக்கும் வேறுபடும். பின்வருவனவற்றைக் கவனத்திற் கொள்க.

ரோசா: வெளியிதழ் ஒன்றிரண்டு விரியத் தொடங்கும்போது வெட்டுதல் வேண்டும். இறுகிய மொட்டாக வெட்டினால் அது விரியாமலே கழுத்து வளைந்துவிடும்.

கிளடியோலஸ்: கதிரின் அடியிலுள்ள சில மொட்டுகள் நிறங்காட்டியவுடன் வெட்டலாம், ஏனையவை நீரில் வைத்தபின் கீழிருந்து மேலாக மலரும்.

செவ்வந்தி: ஓரளவு நன்றாக விரிந்த பின்னரே வெட்டுதல் வேண்டும். நிலமட்டத்தில் மரமாகிய பகுதி நீரை எளிதில் உறிஞ்சாதாகையால், நிலத்திலிருந்து சுமார் 10 சென்ரிமீற்றர் விட்டு வெட்டுக.

ஜேர்பெரா: நடுவட்டத்தின் வெளிவரிசை இரண்டில் மகரந்தம் தோன்றிய பின் எடுக்கலாம். காம்பை அடியிற் பிடித்துப் பக்கவாட்டில் திருகி இழுத்தெடுத்து, பின்னர் அதன் அடியை வெட்டிவிடுதல் வேண்டும்.

அந்தூரியம்: நடுவிலுள்ள விரல் போன்ற தண்டில் நிறமாற்றம் அடியிலிருந்து நுனியை நோக்கிச் செல்லும். அது பாதி தொடக்கம் முக்காற் பங்கு வரை சென்றிருக்கும் வேளையே ஏற்றது. அதற்கு முன் வெட்டிய அந்தூரியம் விரைவில் சோர்ந்துவிடும்.

ஓர்க்கிட்: டென்ட்ரோபியம் இனத்தில் கதிரின் பெரும்பாலான பூக்கள் விரிந்த பின்னரே வெட்டுதல் நன்று. இறுகிய மொட்டுகள் வெட்டிய பின் ஒழுங்காக விரிவதில்லை.

வெட்டும் வேளையும் நீரும்

நண்பகல் வெய்யிலில் செடி நீரை இழந்து தளர்ந்திருக்கும். அவ்வேளையில் வெட்டிய மலர் தொடக்கத்திலேயே தாகத்துடன் கடைக்குச் செல்கின்றது. அதிகாலையில், இலையிலுள்ள பனிநீர் சற்று உலர்ந்ததும் வெட்டுவதே சிறந்தது. ஈரத்துடன் கட்டிய மலர்களில் சாம்பல் நிறப் பூஞ்சணம் பிடித்து இதழ்கள் அழுகும்.

கூரான கத்தியால் ஒரே இழுப்பில் சரிவாக வெட்டுதல் வேண்டும். மழுங்கிய கத்தி காம்பின் நுண்குழாய்களை நசுக்கிவிடும். வெட்டிய கணத்திலேயே காம்பின் குழாய்களுக்குள் காற்றுப் புகுகின்றது. கிணற்று நீரிறைக்கும் இயந்திரத்தின் குழாயினுட் காற்றுப் புகுந்தால் நீர் ஏறாது நிற்பதைக் கமக்காரர் பலரும் கண்டிருப்பர். மலர்க் காம்பிலும் நடப்பது அதுவே. ஆகவே, வாளியைப் பாத்திக்கே கொண்டுசென்று, வெட்டிய மலரை உடனே நீரில் இடுதல் வேண்டும். நிழலுக்குக் கொண்டுவந்த பின், காம்பின் அடியில் மேலும் 2 அல்லது 3 சென்ரிமீற்றரை நீருக்குள் வைத்தே வெட்டிவிட்டால் காற்றடைப்பு நீங்கும்.

இரண்டாவது அடைப்பு பற்றீரியாவினால் உண்டாகின்றது. நீரில் அமிழ்ந்த இலை அழுகி, பற்றீரியா பெருகி, குழாய்களை மூடிவிடும். நீர்மட்டத்துக்குக் கீழே இலை ஒன்றேனும் இருத்தல் ஆகாது. வாளியை ஒவ்வொரு முறையும் வெளிற்றும் தூள் கரைசலால் உரோஞ்சிக் கழுவுதல் வேண்டும். உண்ணும் நீருக்குரிய பாத்திரம் எவ்வளவு தூய்மையாக இருக்குமோ அவ்வளவு தூய்மை மலர் வாளிக்கும் வேண்டும். லீற்றர் நீருக்கு 20 கிராம் சீனி கலந்தால் மலருக்கு உணவு கிடைக்கும் என்பது உண்மையே. எனினும், பற்றீரியாவைத் தடுக்கும் மருந்தும் உடன் சேராவிடின் அச்சீனி பற்றீரியாவுக்கே உணவாகும். சிறிது எலுமிச்சம்புளி சேர்த்து நீரைப் புளிப்பாக்கினால் காம்பு அதனை எளிதில் உறிஞ்சும்.

பழத்துடன் சேர்த்து வையாமை

மரக்கறியும் பழமும் ஏற்றிய அதே லொறியில் மலரையும் ஏற்றி அனுப்புவது செலவைக் குறைப்பதாகத் தோன்றலாம். ஆயினும், பழுக்கும் வாழை, மாம்பழம், தக்காளி முதலியன எதிலீன் என்னும் வாயுவை வெளியிடுகின்றன. ஒரு வாழைப்பழம் அருகிலுள்ள காய்களைப் பழுக்கச் செய்வதும் இவ்வாயுவினாலேயே ஆகும். இவ்வாயு கார்ணேஷன் மலரைப் பட்டால், இதழ்கள் உள்நோக்கிச் சுருண்டு, மலர் உறங்குவது போற் குவிந்துவிடும். பின்னர் அது விரியாது. ஓர்க்கிட் பூக்களும் வாடி உதிரும். ஒரு வாழைக்குலையால் ஒரு நாளைய மலர் முழுவதும் வீணாகலாம். வாகனப் புகையிலும் இவ்வாயு உண்டாகையால், இயந்திரத்தை ஓடவிட்டபடி மலர்களைப் பின்புறத்தில் ஏற்றுவதும் தவறாகும். அழுகிய மலர்களையும் இலைகளையும் கட்டும் கொட்டிலிலிருந்து உடனுக்குடன் அகற்றுதல் வேண்டும்.

கட்டுதலும் அனுப்புதலும்

வெப்பம் கூடக்கூட மலரின் சுவாசமும் கூடி, அதன் ஆயுள் குறைகின்றது. ஆகையால் கட்டும் இடம் நிழலும் காற்றோட்டமும் உள்ளதாக இருத்தல் வேண்டும். காம்புகளை நீளத்தின்படி பிரித்து, ஒரே அளவினதாக 10 அல்லது 20 கொண்ட கட்டுகளாக, காம்பு நசியாதபடி நனைத்த வாழைநாரினால் கட்டலாம். நல்ல காம்புகளை வெளியிலும் குறையுள்ளவற்றை உள்ளேயும் மறைத்துக் கட்டுவது ஒரு நாளைக்குப் பயன்தரலாம். மறுநாள் கடைக்காரர் கட்டை அவிழ்ப்பார்.

கிளடியோலஸ் கதிர்களைப் படுக்கவைத்து அனுப்புதல் கூடாது. அவற்றின் நுனி மேல்நோக்கி வளையும் இயல்புடையது. வளைந்த நுனி மீண்டும் நேராகாது. ரோசா, கார்ணேஷன், செவ்வந்தி என்பன கடுங்குளிரில் நெடுநாள் இருக்கும். அந்தூரியமோ வெப்ப நாட்டுத் தாவரம். அதனை 12 பாகை செல்சியசுக்குக் கீழான குளிரில் வைத்தால் நிறங்கருகிப் பழுதாகும். எனவே எல்லா மலர்களையும் ஒரே குளிர்ப்பெட்டியில் இடுதல் தகாது.

கடைக்காரருடன் உடன்பாடு

விற்பனைக்கு வழி தேடிய பின்னரே பாத்தி போடுதல் வேண்டும். அண்மையிலுள்ள நகரத்துக் கடைக்காரரைக் கண்டு, எந்நிறம் வேண்டும், எவ்வளவு நீளம் வேண்டும், வாரத்தில் எந்நாட்களில் எத்தனை கட்டு வேண்டும், திருப்பி அனுப்பப்படும் மலரின் நட்டம் யாருடையது, பணம் எப்போது கிடைக்கும் என்பவற்றை முன்கூட்டியே பேசித் தீர்த்தல் நன்று. இயன்றவிடத்து இதனை எழுத்திலும் வைத்துக் கொள்ளலாம்.

கட்டளைகள் ஆண்டு முழுவதும் ஒரே அளவாக வருவதில்லை. பெப்ரவரி 14ஆம் நாளிலும், மே மாதத்து இரண்டாம் ஞாயிறாகிய அன்னையர் தினத்திலும், திருமண மாதங்களிலும் அவை பெருகும். அந்நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டே நடுதல் வேண்டும். கிளடியோலஸ் கிழங்கு நட்டு மலர்வதற்கு இனத்தையும் குளிரையும் பொறுத்து இரண்டு தொடக்கம் மூன்றரை மாதம் வரை செல்லும்; ஒரே நாளில் எல்லாவற்றையும் நடாது வாரந்தோறும் சிறிது சிறிதாக நட்டால், மலரும் வாரந்தோறும் கிடைக்கும். செவ்வந்தி நீண்ட இரவில் மொட்டுக் கட்டும் பயிர். இந்நாட்டின் இரவு அதற்குப் போதிய அளவு நீண்டதாகையால், செடி குட்டையாக இருக்கும்போதே மொட்டு வந்துவிடுவதுண்டு. இளம் பருவத்தில் நள்ளிரவில் சில மணி நேரம் மின்விளக்கு ஏற்றி வைத்தால் மொட்டுப் பிந்தி, காம்பு நீளும்.

ஒருநாள் மலர் தரமாக அமையவில்லையெனில், அதனைக் கடைக்கு அனுப்பாது, முதல்நாளே அறிவித்துவிடுதல் வேண்டும். முன்னரே அறிந்தால் கடைக்காரர் வேறிடத்தில் மலர் தேடிக் கொள்வார். வாடிய மலரை வாங்கிய பின்னர் அவருக்கு வேறு வழியில்லை. குறைந்த மலர் கொடுத்த கமக்காரரைக் கடைக்காரர் மன்னிப்பதுண்டு; வாடிய மலர் கொடுத்தவரை மீண்டும் நாடுவதில்லை.

முதற் பரீட்சையாக, வெட்டிய மலர்களுள் ஐந்தாறு காம்புகளை ஒவ்வொரு முறையும் வீட்டிலேயே ஒரு போத்தலில் நீரிலிட்டு, அவை எத்தனை நாட்கள் வாடாதிருக்கின்றன என்பதைக் குறித்து வருதல் வேண்டும். பெறுபவரின் வீட்டில் அம்மலருக்கு நேர்வதை இதனால் கமக்காரர் தாமே அறிந்து கொள்ளலாம். நாட்கள் குறைந்தால், வெட்டிய பருவம், வேளை, வாளி, நீர் ஆகிய நான்கையும் முறையாகச் சோதித்துக் குறையைக் கண்டுபிடிக்கலாம். இனத்தெரிவு, நோய்த் தடுப்பு, நடுகைப் பொருள் ஆகியவை பற்றிய மேலதிக ஆலோசனைகளைத் தத்தம் பிரிவின் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிந்து கொள்க.