ஒகேனக்கல் இறக்கத்துக்கு எந்த ஹெட்லைட்?

மோட்டார் சைக்கிளுக்கு ஹாலஜன் விளக்கு நல்லதா, எல்.இ.டி. நல்லதா என்ற கேள்விக்கு ஊருக்குள் பெரிய மதிப்பில்லை. தெருவிளக்கும் கடை வெளிச்சமும் பாதி வேலையைப் பார்த்துவிடும். தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரத்தைத் தாண்டி ஒகேனக்கல்லுக்கு இறங்கும் காட்டுச் சாலையில் நிலைமை வேறு. வளைவுகளும் இறக்கமுமாகக் காவிரிக் கரைக்குப் போகும் அந்த வழி யானை நடமாட்டம் உள்ள பகுதி. மானின் கண் விளக்கொளியில் பளிச்சிடும். யானையின் சாம்பல் உடல் அப்படித் தன்னைக் காட்டிக்கொடுப்பதில்லை. 40 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கிறது. ஓட்டுபவர் சுதாரித்து பிரேக் பிடித்து நிற்பதற்குள் சமதரையிலேயே ஏறத்தாழ 30 மீட்டர் போய்விடும். 60 கி.மீ. வேகமென்றால் 50 மீட்டருக்கு மேல்.

ஹாலஜன் பல்பு பழைய குண்டு பல்பின் வழிவந்தது. டங்ஸ்டன் இழை சூடேறி ஒளிர்கிறது. உள்ளே அடைத்த அயோடின் அல்லது புரோமின் கலந்த வாயு, ஆவியாகும் டங்ஸ்டனை மீண்டும் இழைக்கே கொண்டு சேர்ப்பதால் கண்ணாடி கறுப்பதில்லை. 100, 125 சிசி வண்டிகள் பலவற்றில் இருப்பது 35 வாட் எச்.எஸ்.1 வகை, பிரைட்டில் சுமார் 825 லூமென் தரும். புல்லட் போன்ற பெரிய வண்டிகளில் வரும் 60/55 வாட் எச்4 அதைப் போல இரு மடங்கு. வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகவே போகிறது என்பது குறைதான். ஆனால் பல்பு போனால் பென்னாகரத்திலேயே குறைந்த விலைக்கு வாங்கி மாட்டிக்கொள்ளலாம்.

எல்.இ.டி.யில் இழை கிடையாது. நீல ஒளி உமிழும் சில்லின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூச்சு இருக்கிறது. இரண்டும் சேர்ந்து வெள்ளையாகத் தெரிகிறது. அந்த நீல டையோடைக் கண்டவர்களுக்குத்தான் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அதே வெளிச்சத்துக்கு ஹாலஜன் கேட்கும் மின்சாரத்தில் சிறு பங்கு போதும், ஆயுளும் பல மடங்கு. 2017 ஏப்ரல் முதல் இந்தியாவில் புதிய இருசக்கர வாகனங்களின் ஹெட்லைட் பகலிலும் அணையாமல் எரிய வேண்டும் என்ற விதி வந்தபின் இந்தச் சிக்கனத்துக்கு மதிப்புக் கூடியது. அதே ஆண்டு டிசம்பரில் டி.வி.எஸ். நிறுவனம் வெளியிட்ட, பக்கத்து மாவட்டத்து ஓசூரில் தயாராகும் அப்பாச்சி ஆர்ஆர் 310 இரட்டை எல்.இ.டி. புரொஜெக்டரோடு வந்தது.

வெளிச்சம் போதவில்லை என்ற பழைய வண்டிக்காரர்களின் புகாருக்குப் பெரும்பாலும் பல்பு காரணமே அல்ல. பல பழைய வண்டிகளில் ஹெட்லைட்டுக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து வருவதில்லை. எஞ்சினோடு சுற்றும் மேக்னெட்டின் சுருளிலிருந்து நேராக வருகிறது. ஆக்சிலேட்டரை முறுக்கினால் பிரகாசம், விட்டால் மங்கல். இறக்கத்தில் வளைவுக்கு முன் வேகம் குறையும்போது, அதாவது பாதை நன்றாகத் தெரியவேண்டிய நேரத்தில், விளக்கு சோர்ந்துவிடுகிறது. பேட்டரி வழி ஓடும் ஹெட்லைட்டில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

இதற்கு மருந்தாகக் கடையில் எல்.இ.டி. பல்பு வாங்கி ஹாலஜன் டூமுக்குள் சொருகுவது பரவலான பழக்கம். மோசமான தேர்வும் இதுதான். டூமின் உட்புற ரிஃப்ளெக்டர், இழை இருக்கும் புள்ளியைக் கணக்கிட்டு வளைக்கப்பட்டது. எச்4, எச்.எஸ்.1 பல்புகளில் டிம் இழைக்கு அடியில் உள்ள சின்ன உலோகக் கிண்ணம்தான் மேல்நோக்கிப் போகும் ஒளியை அடக்குகிறது. எல்.இ.டி. சில்லுகள் அந்த இடத்தில் அச்சாக உட்காராவிட்டால் ஒளி சிதறும். வண்டிக்கு முன்னால் ஐந்தாறு மீட்டர் வெள்ளையடித்ததுபோல் தெரியும், ஓட்டுபவருக்குத் திருப்தி. தூரத்தில் இருட்டு, எதிரே வருபவருக்குக் கண் கூச்சம். ஒற்றை வண்டி ஒதுங்கவே இடம் தேடும் வளைவில் இது ஆபத்து. வாகன அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துவதும் நினைவிருக்க வேண்டும்.

பனியில் மஞ்சள் ஒளி ஊடுருவிப் போகும் என்ற நம்பிக்கை பாதிதான் சரி. மூடுபனியின் நீர்த்துளிகள் எந்த நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் சிதறடிக்கின்றன. நீலம் கலந்த வெள்ளை கண்ணை அதிகம் கூசவைக்கும் என்பது உண்மை. பனியில் பிரைட் போட்டால், ஹாலஜனானாலும் எல்.இ.டி.யானாலும், முன்னால் வெள்ளைத் திரைதான் தெரியும், டிம்மே மேல்.

ஆகவே புது வண்டி வாங்குபவர் நிறுவனமே பொருத்திய எல்.இ.டி.யைத் தேர்ந்தெடுக்கலாம். வாங்குமுன் ஒருமுறை இருட்டில் ஓட்டிப் பார்ப்பது நல்லது, சில எல்.இ.டி. விளக்குகளில் வெளிச்சத்தின் விளிம்பு கத்தி வெட்டாக முடிவதால், வண்டி சாயும்போது வளைவின் உட்புறம் இருண்டுவிடும். பழைய வண்டிக்காரர் நல்ல ஹாலஜனையே வைத்துக்கொண்டு, மங்கிய டூமை மாற்றி, வயர் இணைப்புகளைச் சுத்தம் செய்தால் செலவு குறைவு, பலன் அதிகம். புதுப் பல்பின் கண்ணாடியை விரலால் தொடக்கூடாது. எண்ணெய்ப் பசை பட்ட இடம் சூடேறி ஆயுள் குறையும்.

எந்த விளக்கானாலும் உயரத்தைச் சரிபார்க்க வேண்டும். சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தினால், டிம் ஒளியின் மேல் விளிம்பு விளக்கின் உயரத்தைவிட ஏறத்தாழ 10 செ.மீ. கீழே விழ வேண்டும். ஒகேனக்கல்லுக்கு வண்டியில் ஜோடியாக வருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பின்னால் ஆள் உட்கார்ந்தால் பின்பக்கம் தாழ்ந்து விளக்கு வானம் பார்க்கும். பின்சீட்டில் ஆளை உட்காரவைத்தே அந்த அளவை வைக்க வேண்டும்.