கேமராவைத் தொடாமல் ஃபோகஸ் மாற்றுவது எப்படி?

சங்கராபுரம் பக்கத்துக் கல்யாண வீடியோக்களிலும் இப்போது சினிமாவின் சாயல் தெரிகிறது. ஆட்டத்தைத் தணிக்கும் தாங்கியான கிம்பலில் கேமரா மிதந்து வருகிறது; பின்னணி கரைந்து முகம் மட்டும் துலங்குகிறது. அந்தத் துலக்கம் லேசில் கிடைப்பதல்ல. ஃபுல் ஃபிரேம் கேமராவில் 85 மி.மீ. லென்ஸை மாட்டி, அபெர்ச்சரை 1.8-இல் வைத்து, 2 மீட்டரில் நிற்கும் மணப்பெண்ணை எடுத்தால், தெளிவாகத் தெரியும் ஆழம் மொத்தமே சுமார் 6 செ.மீ. கண் தெளிவாக இருக்கும்போதே காது மங்கிவிடும். அவர் கொஞ்சம் முன்னால் சாய்ந்தால் ஃபோகஸ் போயிற்று. இரண்டு கையாலும் கிம்பலைப் பிடித்திருப்பவர் லென்ஸ் வளையத்தைத் திருகப் போனால் காட்சி ஆடும்.

அதனால்தான் ஒயர்லெஸ் ஃபாலோ ஃபோகஸ். லென்ஸ் வளையத்தோடு பல்லுக்குப் பல் பொருந்தும் ஒரு சிறிய மோட்டார். தள்ளி நிற்கும் இன்னொருவர் கையில் ஒரு சக்கரம். சக்கரம் திரும்பினால் மோட்டாரும் திரும்பும். பெரிய படங்களில் பிரஸ்டன், ஆரி கருவிகள். டில்டா நியூக்ளியஸ் போன்றவை வந்தபின் சிறிய யூனிட்டுகளுக்கும் எட்டியது. பார்த்திபனின் ‘இரவின் நிழல்’ (2022) ஆர்தர் வில்சன் ஒளிப்பதிவில் ஒரே ஷாட்டாக எடுக்கப்பட்ட படம். அப்படிப்பட்ட ஷாட்டில் கடைசி நிமிடத்தில் ஃபோகஸ் தவறினாலும் மறுபடி முதலிலிருந்துதான்.

ஆட்டோஃபோகஸ் போதாதா? பல நேரம் போதும். இன்றைய கேமராக்கள் கண்ணைத் தேடிப் பிடித்துக்கொள்கின்றன. ஆனால் முகூர்த்த நேரத்தை நினைத்துப் பாருங்கள். ஓமப்புகை எழும்புகிறது, அட்சதை பறக்கிறது, யாரோ ஒரு சித்தி குறுக்கே குனிகிறார். மாப்பிள்ளை கையில் உள்ள தாலியிலிருந்து பெண்ணின் முகத்துக்கு ஃபோகஸ் போக வேண்டும். கெட்டிமேளம் கேட்டதும் அடுத்து என்ன நடக்கும் என்பது சக்கரம் பிடித்திருப்பவருக்குத் தெரியும், கேமராவுக்குத் தெரியாது. மனிதர் தேவைப்படுவது அங்கேதான்.

பாதி வேலை ‘ரோல்’ சொல்வதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். முதலில் மோட்டாரை மாட்டிவிட்டு, அதன் பிறகு கிம்பலை பேலன்ஸ் செய்யுங்கள். மாற்றிச் செய்தால் பேலன்ஸ் கெடும். சினிமா லென்ஸ்களில் 0.8 மாட்யூல் பற்கள் வளையத்திலேயே இருக்கும். போட்டோ லென்ஸுக்குத் தனியாகப் பல்வளையம் மாட்ட வேண்டும். பல் இறுக அழுத்தினால் மோட்டார் திணறும், தளர்ந்தால் நழுவும்.

அடுத்தது கேலிப்ரேஷன். மோட்டார் வளையத்தை இரு கோடிக்கும் திருப்பிப் பார்த்து எல்லையைத் தெரிந்துகொள்ளும். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். பல மிரர்லெஸ் லென்ஸ்களின் வளையம் எங்கும் முட்டாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். தானாக எல்லை தேடச் சொன்னால் மோட்டாரும் சுற்றிக்கொண்டே இருக்கும். அவற்றுக்கு அருகு, தொலைவு என்ற இரண்டு எல்லையையும் நாமே பதிக்க வேண்டும். அதோடு, வேகமாகத் திருப்பினால் அதிகமாகவும் மெதுவாகத் திருப்பினால் குறைவாகவும் ஃபோகஸ் நகரும் லென்ஸாக இருந்தால் தூரத்துக்காகச் சக்கரத்தில் போடும் கோடு (மார்க்) நிலைக்காது. மெனுவில் ‘லீனியர்’ வசதி இருந்தால் அதைப் போடுங்கள். இல்லாவிட்டால், இரு கோடியிலும் முட்டி நிற்கும் மேனுவல் லென்ஸை வாடகைக்கு எடுப்பதே நல்லது. நிக்கான் லென்ஸ் கேனனுக்கு எதிர்த்திசையில் திரும்பும். கருவியில் திசையை மாற்றிக்கொள்ளலாம்.

பிறகு மார்க். கேமரா உடம்பில் ஒரு வட்டமும் அதைக் குறுக்கே வெட்டும் கோடும் இருக்கும். சென்சார் இருக்கும் இடம் அதுதான். டேப்பை அங்கிருந்து பிடித்து அளக்க வேண்டும், லென்ஸ் முனையிலிருந்து அல்ல. ஆள் நிற்கும் ஒவ்வொரு இடத்துக்கும் சக்கரத்தின் வெள்ளை வளையத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். 1 மீட்டருக்கும் 2 மீட்டருக்கும் நடுவே சக்கரம் நெடுந்தூரம் திரும்பும். 5 மீட்டருக்கு அப்பால் எல்லாம் நெருங்கிக் கிடக்கும். ஆகவே ஆள் அருகே வர வர, கை வேகமாகப் போக வேண்டும்.

கண் எங்கே இருக்க வேண்டும்? மானிட்டரில் மட்டும் வேண்டாம். ஒயர்லெஸ் மானிட்டரில் படம் கொஞ்சம் தாமதித்தே வரும். ஃபோகஸ் போனதைத் திரையில் பார்க்கும்போது அது ஏற்கெனவே பதிவாகிவிட்டது. கேமராவுக்குப் பக்கவாட்டில் நின்று, ஆளுக்கும் கேமராவுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். மானிட்டர் சரிபார்க்க மட்டும்.

இனி சிக்னல். பல ஒயர்லெஸ் ஃபோகஸ் கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடுகின்றன. மண்டபத்து வைஃபையும் அதே இடத்தில்தான். கூட்டம் கூடினால் மனித உடல்களும் அந்த அலையை உறிஞ்சும். காலையில் காலி மண்டபத்தில் ஒழுங்காக ஓடியது முகூர்த்தத்தில் விட்டு விட்டு ஓடினால், சேனலை மாற்றி, நேர்ப்பார்வையில் வந்து நில்லுங்கள். கல்வராயன் மலையில் அவுட்டோர் என்றால் பாறைத் திருப்பத்துக்குப் பின்னால் நிற்க வேண்டாம்; பெரியார் அருவியின் சாரல் மோட்டாரில் படாமல் மூடிக்கொள்ளுங்கள். உபரி பேட்டரியும் கையோடு இருக்கட்டும்.

பழக விரும்பினால் ஒருவரை 5 மீட்டரிலிருந்து கேமராவை நோக்கி நடந்துவரச் சொல்லி, 1 மீட்டர் வரை அவர் கண்ணைப் பிடித்துக்கொண்டே வாருங்கள். முதலில் மார்க்கோடு, பிறகு மார்க் இல்லாமல். பிறகு அவர் இஷ்டத்துக்கு நடுவழியில் நிற்கட்டும், திரும்பட்டும். லென்ஸை மாற்றினால் மோட்டாரைத் தளர்த்திவிட்டு மாற்றி, கேலிப்ரேஷனை மறுபடி போடுங்கள். பழைய மார்க்குகளையும் அழித்துவிடுங்கள். புது லென்ஸுக்கு அவை பொருந்தாது.