குறைந்த செலவில் கேமிங் கணினி: பணம் எந்தப் பாகத்துக்குப் போக வேண்டும்?

பொதுத் தேர்வுகள் முடிந்ததும் எங்கள் கரோல் பாக் கிளைக்கு வரும் பெற்றோர் சிலர், தனிநபர் கடனுக்கான காரணத்தைச் சற்றுத் தயங்கியே சொல்வார்கள். “பையனுக்கு கேமிங் கம்ப்யூட்டர் வேணுமாம் சார்.” தயங்க வேண்டிய அவசியம் இல்லை. அதே கணினியில்தான் அவன் நாளை நிரல் எழுதவும் காணொளி தொகுக்கவும் போகிறான். கவலை தருவது அவர்கள் கொண்டுவரும் மதிப்பீட்டுத் தாள்தான். அதில் பெரும்பாலும் ஒரே வரி இருக்கும்: ‘கேமிங் பிசி – ரூ.60,000’.

இதே கரோல் பாக்கின் பேங்க் ஸ்ட்ரீட்டில் நகை வாங்கும்போது எடை, தரம், செய்கூலி, சேதாரம் என்று தனித்தனியே கேட்டு வாங்குகிறோம். கணினியில் மட்டும் அந்த வழக்கத்தை விட்டுவிடுகிறோம். அறுபதாயிரம் ரூபாயில் எவ்வளவு எந்தப் பாகத்துக்குச் செல்கிறது என்பதை வாங்குபவர் தீர்மானிக்காவிட்டால், கடைக்காரர் தம்மிடம் தேங்கியுள்ள சரக்கைப் பார்த்துத் தீர்மானிப்பார்.

கணக்கை மானிட்டரிலிருந்து தொடங்குவது நல்லது. 1920 × 1080 அளவுள்ள சாதாரணத் திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள் உள்ளன. விளையாட்டு தடங்கலின்றி ஓட வேண்டுமானால், கிராபிக்ஸ் கார்டு இத்தனை புள்ளிகளையும் நொடிக்கு 60 முறையாவது புதிதாக வரைய வேண்டும். 4கே திரையில் புள்ளிகளின் எண்ணிக்கை சரியாக நான்கு மடங்கு. கார்டின் சுமையும் அதற்கேற்ப உயரும். ஆகவே குறைந்த செலவில் கணினி அமைப்பவர்கள் 1080 திரையோடு நிற்பதே சரி.

அடுத்து, பிள்ளை எந்த விளையாட்டை ஆடப் போகிறான் என்று கேளுங்கள். வாலரண்ட் போன்ற இலகுவான விளையாட்டு மட்டுமென்றால் தனி கிராபிக்ஸ் கார்டே இப்போதைக்கு வேண்டியதில்லை. ரைசன் 5 5600ஜி போன்ற பிராசசரில் அந்தத் திறன் உள்ளேயே அமைந்திருக்கிறது; கார்டைப் பின்னர் சேர்த்துக்கொள்ளலாம். சைபர்பங்க் 2077 போன்ற கனமான விளையாட்டென்றால் கணக்கு மாறுகிறது. மானிட்டர் நீங்கலான தொகையில் 35 முதல் 40 சதவீதம் வரை கிராபிக்ஸ் கார்டுக்கே ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஆனால் கடைப் பலகைகள் கூவி விற்பது கார்டை அன்று, பிராசசரின் பெயரை. ‘ஐ7 கேமிங் பிசி’ என்ற அறிவிப்பைக் கண்டால் எத்தனையாவது தலைமுறை என்று கேளுங்கள். 2011இல் வெளிவந்த ஐ7 2600, அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினிகளிலிருந்து இன்றும் சந்தைக்கு வருகிறது. அதற்கும் நான்கு கோர்கள். 2022இல் வந்த ஐ3 12100க்கும் நான்கு கோர்கள். வேகத்தில் இந்த ஐ3 அந்த ஐ7ஐ வெகுவாக முந்திவிடும். தவிரவும், பழைய ஐ7 விண்டோஸ் 11க்குத் தகுதி பெறாது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவோ 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது. பெயரின் இறுதியில் ‘எஃப்’ என்ற எழுத்து இருந்தால், அந்த இன்டெல் பிராசசரில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை என்று பொருள். தனி கார்டு இல்லாமல் திரையில் எதுவும் தெரியாது.

கார்டின் பெயரிலும் இதே எச்சரிக்கை தேவை. ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் 8 ஜிபி வகையும் 6 ஜிபி வகையும் உண்டு. வேறுபாடு நினைவகத்தின் அளவில் மட்டுமன்று. முன்னதில் 2,560 கணிப்பு அலகுகள், பின்னதில் 2,304. நினைவகத்துக்குச் செல்லும் பாதையும் பின்னதில் குறுகியது. ரேடியான் ஆர்எக்ஸ் 580இலும் இப்படியொரு குறைக்கப்பட்ட வகை புழங்குகிறது. மதிப்பீட்டுத் தாளில் முழுப் பெயரும் ஜிபி அளவும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ரேமில் 16 ஜிபியை ஒரே அட்டையாக அன்றி, 8 ஜிபி அட்டைகள் இரண்டாக வாங்குங்கள். இரு வழியாகத் தரவு செல்வதால் வேகம் கூடும். 2025இன் இறுதி மாதங்களில், தரவு மையங்களின் தேவை பெருகியதால், ரேமின் விலை செங்குத்தாக ஏறியது. எனவே ஓராண்டுக்கு முந்தைய விலைப்பட்டியலை நம்பிக் கடைக்குச் செல்ல வேண்டாம்.

மிச்சம் பிடிக்கக் கூடாத ஒரு பாகம் உண்டு. மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டிதான் அது. மற்ற பாகம் கெட்டால் அது மட்டும் கெடும். இது கெட்டால் மற்றவற்றையும் சேர்த்துக் கெடுத்துவிடக்கூடும். கேபினட்டோடு ‘இலவசமாக’ வரும் எஸ்எம்பிஎஸ் மீது 450 வாட் என்று அச்சிட்டிருக்கலாம். அந்த எண்ணை விட்டுவிட்டு, பக்கவாட்டு அட்டவணையில் 12 வோல்ட் வரிசையைப் பாருங்கள். பிராசசரும் கார்டும் பெரும்பாலும் அந்த வரிசையிலிருந்தே மின்சாரம் பெறுகின்றன. அங்கே 17 ஆம்பியர் என்றிருந்தால், 12ஆல் பெருக்க 204 வாட்தான் வரும். ஆர்எக்ஸ் 6600 கார்டு ஒன்றே 132 வாட் வரை இழுக்கும். இத்தகைய அமைப்புக்கு, ஐந்தாண்டு உத்தரவாதம் தரும் நிறுவனத்தின் 550 வாட் எஸ்எம்பிஎஸ் தாராளமாகப் போதும். ‘80 பிளஸ்’ முத்திரை மின்சிக்கனத்தின் அளவையே சொல்கிறது. பாதுகாப்புக்கு அது சான்றாகாது. தில்லியின் கோடை வெப்பத்தையும் புழுதியையும் எண்ணி, முன்பக்கம் வலையும் தூசித் தடுப்பும் உள்ள கேபினட்டாகத் தேர்ந்தெடுக்கலாம். வண்ண விளக்குகளைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை; பிள்ளைகளோடு அந்த வழக்கில் எந்தத் தந்தையும் வென்றதில்லை.

இனி பணம். ரூ.60,000 தொகையை 14 சதவீத வட்டியில் 24 மாதங்களுக்குக் கடனாகப் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ ரூ.2,881, மொத்த வட்டி சுமார் ரூ.9,100. மாறாக, மாதம் ரூ.5,000 வீதம் ஓராண்டுக்குத் தொடர் வைப்பில் செலுத்தினால், 6.5 சதவீத வட்டியில் சுமார் ரூ.62,100 கிடைக்கும். இரண்டுக்கும் இடையே ரூ.11,000க்கு மேல் வேறுபாடு. கடன் வழங்குவது எங்கள் தொழில்தான். ஆயினும் கூட்டல் கழித்தலை மறைக்க இயலாது. ‘வட்டியில்லாத் தவணை’ திட்டங்களில் வட்டிக்கு ஈடான தொகையை விற்பவர் தள்ளுபடியாகக் கழிப்பார். வட்டியின் மீதான 18 சதவீத ஜிஎஸ்டியும் செயலாக்கக் கட்டணமும் பொதுவாக வாடிக்கையாளர் தலையில்தான் விழும்.

எங்கே வாங்குவது? அருகிலுள்ள கஃபார் மார்க்கெட் கைபேசிகளுக்கும் அவற்றின் உதிரிப் பாகங்களுக்கும் பெயர் பெற்றது. கணினிப் பாகங்களுக்கு நேரு பிளேஸ்தான். கரோல் பாக்கிலிருந்து நீலத் தடத்தில் ஏறி மண்டி ஹவுஸில் ஊதாத் தடத்துக்கு மாறினால் மெட்ரோவிலேயே சென்றுவிடலாம். மூன்று கடைகளில் பாகவாரியாக விலை எழுதி வாங்குங்கள்.

பழைய கார்டு மலிவாகக் கிடைத்தால் அதன் வரலாற்றைக் கேட்பது நலம். எதீரியம் நாணயத்தை வெட்டி எடுக்கும் முறை 2022 செப்டம்பரில் கைவிடப்பட்டபோது, இரவும் பகலும் உழைத்த கார்டுகள் ஏராளமாகப் பழைய பொருள் சந்தைக்கு வந்தன. மலிவான பழைய கார்டின் மென்பொருளை மாற்றி, புதிய வகையின் பெயரைக் காட்டச் செய்யும் மோசடியும் உண்டு. ‘ஜிபியு-இசட்’ என்னும் இலவச நிரலைக் கடையிலேயே ஓட்டிப் பார்த்தால் இத்தகைய போலிகள் பலவும் சிக்கிவிடும்.

“பில் வேண்டாமென்றால் குறைத்துத் தருகிறேன்” என்ற சலுகையை ஏற்க வேண்டாம். உத்தரவாதம் கோரும்போது கேட்கப்படுவது பில்லும் வரிசை எண்ணும்தான். கடையின் ஜிஎஸ்டி எண், ஒவ்வொரு பாகத்தின் முழுப் பெயர், வரிசை எண் ஆகியவை பில்லில் இருக்கட்டும். அவை பெட்டி மீதும் பாகத்தின் மீதும் உள்ளவற்றோடு பொருந்துகின்றனவா என்று, கேபினட்டை மூடுவதற்கு முன்பே சரிபார்த்துப் படமெடுத்துக்கொள்ளுங்கள். கணினியை இயக்கிக் காட்டிய பின் கார்டு மூலமோ யுபிஐ மூலமோ பணம் செலுத்தினால், அந்தப் பதிவு உங்கள் கணக்கு அறிக்கையிலும் இருக்கும்.