தாய் ஊரில் இல்லாத நாட்களில் குழந்தையும் அத்தையும்

நமது சங்கங்களில் ஸ்திரீ அங்கத்தினர்கள் அநேகர் உளர். பயிற்சியின் பொருட்டோ, பெற்றோரின் வியாதியை முன்னிட்டோ, அடுத்த பிரசவத்திற்காகவோ அவர்கள் சில தினங்கள் வெளியூர் செல்ல நேரிடுகிறது. ஒன்றரை வயதுக் குழந்தையை அப்போது யாரிடம் விடுவது? பெரும்பாலும் கணவனின் தமக்கையே வந்து வீட்டை ஏற்றுக்கொள்கிறாள். அவ்வம்மையார் செய்வது பேருதவியே. ஆயினும் வந்த மறுநாளே வீட்டின் சட்டதிட்டங்கள் யாவும் மாறிவிடுகின்றன. "ஐந்து பிள்ளைகளை வளர்த்தவள் நான், எனக்கா சொல்லித் தருகிறாய்?" என்ற ஒரே கேள்வியில் தாயின் வாய் அடைபடுகிறது.

அத்தையின் வழக்கங்கள் எல்லாவற்றையும் எதிர்ப்பது வீண் வேலை. கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைப்பதையும் அரைஞாணில் கறுப்புக் கயிறு கட்டுவதையும் பற்றி வாதாட வேண்டியதில்லை. ஆனால் மூக்கில் எண்ணெய் விடுவதும், குழந்தையின் மூக்கைப் பிடித்துப் பாலாடையில் ஊற்றுவதும் வேறு விஷயம். எண்ணெயும் பாலும் நுரையீரலுக்குள் இறங்கினால் சளிச்சுரம் உண்டாகும். ஒரு வயது நிரம்பாத குழந்தையின் நாவில் தேன் தடவுவதும் ஆகாது.

எல்லாவற்றிலும் பெரிய அபாயம் வயிற்றுப்போக்கின்போது வருகிறது. நான் அறிந்த ஒரு வீட்டில், "வயிறு காயட்டும்" என்று அத்தை தண்ணீரையும் நிறுத்திவிட்டாள். இரண்டாம் நாள் மாலை குழந்தையின் கண்கள் குழி விழுந்தன. அழுதால் கண்ணீர் வரவில்லை. அடிவயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் அது மெதுவாகவே பழைய நிலைக்குத் திரும்பியது. அடுத்த வீட்டுக்காரி பார்த்துப் பதறி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்றதால் குழந்தை பிழைத்தது.

அத்தையின் எண்ணம் தவறானது; கெட்டதன்று. உள்ளே விட்டால்தானே வெளியே போகும் என்பது அவள் கணக்கு. உண்மை என்னவெனில், போக்கு நடக்கும்போதும் குடல் தன் தொழிலை அடியோடு விட்டுவிடுவதில்லை. உப்பும் சர்க்கரையும் தக்க அளவில் சேர்ந்து வந்தால் குடல் அவற்றை உறிஞ்சும். தண்ணீரும் உடன் செல்லும். 1971-ஆம் ஆண்டில் வங்காளத்து பன்காவ்ன் அகதிகளிடையே வாந்திபேதி பரவியபோது, டாக்டர் திலீப் மஹலாநபிஸ் இம்முறையைப் பெருமளவில் கையாண்டு மரணங்களை மிகவும் குறைத்தார். ஆட்கள் போதாமையால், கரைசலைக் கையில் எடுத்துக் கொடுத்தவர்களில் பலர் நோயாளிகளின் உறவினர்களே. அத்தையால் முடியாத காரியம் அன்று இது.

ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் குறித்துள்ள அளவு சுத்தமான தண்ணீரில், பெரிய பொட்டலமாயின் ஒரு லிட்டரில், முழுவதையும் கரைக்க வேண்டும். உத்தேசமாகப் பாதிப் பொட்டலத்தை ஒரு டம்ளரில் போடலாகாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு போக்கிற்கும் பின் 50 முதல் 100 மில்லி வரை, கரண்டி கரண்டியாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, இன்னும் மெதுவாகக் கொடுக்கலாம். ஆகாரத்தை நிறுத்த வேண்டாம். 24 மணி நேரத்திற்குப்பின் மிஞ்சிய கரைசலைக் கொட்டிவிட வேண்டும். மலத்தில் இரத்தம் கண்டாலும், குழந்தை குடிக்க மாட்டாமல் துவண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு.

இதை அத்தையிடம் சொல்ல வேண்டியவர் யார்? நாத்தனாரிடம் மருமகள் சொன்னால் அது சண்டையாகும். தம்பி சொன்னால் பேச்சாகும். இங்கே ஆண் அங்கத்தினர்கள் பலர் திண்ணையில் ஒதுங்கிக்கொள்வதைக் கண்டிருக்கிறோம். புறப்படும் முன்தினம் கிராம சுகாதாரச் செவிலியரை வீட்டிற்கு அழைத்து, அத்தையின் எதிரிலேயே கரைசலைக் கரைத்துக் காட்டச் செய்வது இன்னும் நலம். பொட்டலங்களை அஞ்சறைப்பெட்டிக்கு அருகில், அவள் கைக்கு எட்டும்படி வைக்கவும்.

மற்றொன்று. "இரண்டு நாள் அழுதது, மூன்றாம் நாள் என்னிடம் அடங்கிவிட்டது" என்று அத்தை பெருமை கொள்வதுண்டு. தாயைப் பிரிந்து எட்டு நாள் ஆஸ்பத்திரியிலிருந்த இரண்டு வயதுக் குழந்தையை 1952-இல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ராபர்ட்ஸன் என்பவர் படம் பிடித்துக் காட்டினார். இத்தகைய பிரிவில் வரும் மௌனம் மனநிறைவாகாது, துயரமாகவும் இருக்கலாம் என்பதே அவர் கண்டது. ஆகையால் தாயின் பழைய புடவை ஒன்றைக் குழந்தையின் தூளியில் விட்டுச் செல்லலாம். அம்மா என்ற பெயரை வீட்டில் தினமும் சொல்லலாம்.

தாய் திரும்பிய அன்று குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு அத்தையின் மடியிலேயே இருக்கக்கூடும். பிடுங்கி எடுக்க வேண்டாம். அருகில் அமர்ந்து அத்தையுடன் இரண்டு வார்த்தை பேசிக்கொண்டிருந்தால், குழந்தை தானாகவே கை நீட்டும். அத்தையின் குற்றங் குறைகளை எண்ணுவதற்கு அந்த நாள் ஏற்றதன்று.